குப்பையை வைத்துச் செய்யும் தெருக்கலையில் உங்களை அப்படியே நிற்க வைத்தது எது?

போர்ச்சுகலில் ஒரு முயல்.

வேலை விஷயமாக போர்ட்டோவில் சில நாள் தங்கியிருந்தேன். பாலத்தைத் தாண்டி ஆற்றின் அக்கரைக்குப் போனால் விலா நோவா டி காயா. ஒயின் கிடங்குகள் நிறைந்த ஊர். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் முனையில் மாடி உயரத்துக்கு அந்த முயல் நிற்கிறது. இரண்டு சுவர்கள் சேரும் விளிம்புதான் அதன் முகத்தின் நடுக்கோடு. ஒரு பாதிக்கு அசல் முயலின் நிறத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறது. மறு பாதியில் பெயிண்டே இல்லை, பொறுக்கி வந்த பிளாஸ்டிக் என்ன நிறமோ அந்த நிறம்.

என் சித்தப்பா டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் கிடப்பேன். அதனால் கிட்டே போனதும் என் கண் கார் பம்பர்களைத்தான் தேடியது. நம்பர் பிளேட் மாட்டும் பள்ளம், விளக்குக்கு விட்ட ஓட்டை எல்லாம் அப்படியே தெரிகின்றன. பெயிண்ட் அடித்த பக்கம் வந்தால் அதே மாதிரிப் பள்ளங்கள் கன்னத்தின் நிழலாகிவிடுகின்றன. வெகுநேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தேன்.

இதை 2017-ல் செய்தவர் ஆர்த்தூர் போர்டாலோ. 1987-ல் லிஸ்பனில் பிறந்தவர். தாத்தா ரியால் போர்டாலோ, லிஸ்பன் தெருக்களை வரைந்த ஓவியர். அவரைப் போற்றும் விதமாகத்தான் பேரன் 'போர்டாலோ இரண்டு' என்று கையெழுத்துப் போடுகிறார். சின்ன வயதில் சுவர்களில் ஸ்பிரே அடித்துத் திரிந்தவர்.

டயர், எரிந்துபோன குப்பைத் தொட்டி, பழைய வீட்டு உபயோகச் சாமான் என்று எதையும் அவர் விடுவதில்லை. ஆனால் பம்பர் ஏன் இவ்வளவு வருகிறது என்பது பட்டறையில் வளர்ந்தவனுக்குப் புரியும். பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன். சூடு காட்டினால் வளையும், ஸ்க்ரூ சுலபமாக இறங்கும், உடம்புக்கு வேண்டிய வளைவு ஏற்கெனவே அதில் இருக்கிறது. மேலே பெயிண்ட் ஒட்டியிருப்பதால் உருக்கி மறுபடி நல்ல பிளாஸ்டிக் ஆக்குவதும் சிரமம். எங்கள் பட்டறையின் பின்பக்கம் அது குவிந்துகொண்டே இருக்கும், எடைக்குப் போட்டாலும் வாங்க ஆள் இருக்காது.

விலங்குகளை அழிக்கும் பொருளாலேயே அந்த விலங்குகளைச் செய்வது என்பதுதான் அவர் எண்ணம். லிஸ்பனின் பெலெம் பகுதியில் இருக்கும் ரக்கூன் மாதிரி முழுக்க பெயிண்ட் அடித்தவையும் உண்டு. அவை அழகுதான், ஆனால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ரசித்தபடி போய்விட முடிகிறது. முயல் அப்படி விடுவதில்லை. லிஸ்பனிலேயே பார்க் தஸ் நசோயிஷ் பகுதியில் இருக்கும் ஐபீரிய லின்க்ஸும் (ஒருவகைக் காட்டுப்பூனை) எனக்கு அதனாலேயே பிடிக்கும். 2000-களின் தொடக்கத்தில் நூறுகூட மிஞ்சாமல் போன இனம் அது.

போர்டாலோ துணிச்சல்காரரும்கூட. 2023-ல் போப் வருகைக்காக லிஸ்பனில் பெரும் செலவில் மேடை கட்டியபோது, அதன் படிகளில் 500 யூரோ நோட்டுகள் அச்சிட்ட நீளக் கம்பளத்தை விரித்துவிட்டார்.

காயாவுக்குப் போக வாய்த்தால் முதலில் எதிர்ப்பக்கம் நின்று முழு முயலையும் பாருங்கள். அப்புறம் பெயிண்ட் அடிக்காத பாதிக்கு நேர் கீழே போய் நின்று, அண்ணாந்து, ஒவ்வொரு துண்டும் எதிலிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள்.