திருவிழாவில் எடுத்த முகம் விளம்பரத்தில் வந்தால்?

கேள்வி: மதுரையில் வீடியோ எடுப்பதுதான் என் தொழில். அழகர் ஆற்றில் இறங்கியபோது எடுத்த காட்சிகளை ஒரு மட்டன் மசாலா விளம்பரத்துக்குக் கொடுத்தேன். தோப்பறையில் (தோல் பையில்) தண்ணீர் பீய்ச்சும் ஒரு பெரியவரின் முகம் அதில் ஆறு நொடி வருகிறது. நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போலீஸ் அனுமதி வாங்கித்தானே எடுத்தேன்?

பதில்: போலீஸ் உங்களுக்குக் கொடுத்தது அங்கே கேமராவை நிறுத்த அனுமதி. பெரியவரின் முகத்தை விளம்பரத்துக்குத் தர அவர்கள் யார்? இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொது இடத்தில் கூட்டத்தைப் படமெடுப்பது பொதுவாகக் குற்றமில்லை. பாலத்தின் மேலிருந்து எடுத்த காட்சியில் ஆயிரம் தலைகள் தெரிந்தால் அதில் ஒருவர் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். கேமரா ஒரே முகத்தில் போய் நின்று, அந்த முகம் சரக்கு விற்க ஆரம்பித்தால்தான் வினை.

1994-இல் ராஜகோபால் வழக்கில் (ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய நம்மூர் வழக்குதான்) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது. ‘அவர் பிரபலம் இல்லையே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. அந்தரங்க உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி எல்லோருக்கும் உண்டென்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்துவிட்டது.

‘திருவிழாவுக்கு வந்தவர் தானாகத்தானே முகத்தைக் காட்டினார்’ என்று வாதாடலாம். அதை நம்பி நான் கோர்ட் படியேற மாட்டேன். விரதமிருந்து நேர்த்திக்கடன் செலுத்துகிறவரை மட்டன் மசாலாவோடு ஒட்ட வைத்திருக்கிறீர்கள். நோட்டீஸில் பாதிக் கோபம் அங்கேதான் இருக்கும்.

முதலில் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி, அந்த ஆறு நொடியை வெட்டுங்கள். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வழக்கு வந்தால் நஷ்டத்தை நீங்களே ஏற்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கலாம். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போகட்டும். அப்புறம் நேரில் போய்ப் பேசுங்கள். இதெல்லாம் பெரும்பாலும் சமரசத்தில்தான் முடியும்.

அடுத்த வருஷம் பையில் ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பொருளின் விளம்பரம், எங்கெல்லாம் ஓடும், எத்தனை நாள், எவ்வளவு பணம். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. ஈரக் கையோடு பேனா பிடிக்க முடியாதவரிடம் இந்த நாலையும் வாசித்துக் காட்டி, அவர் ‘சரி’ என்பதைக் கேமராவிலேயே பதிவு செய்யுங்கள். அதுவும் சாட்சிதான்.