வெளிச்சத்தைக் கூட்டினால் பூச்சியின் உடல் கடிகாரம் சீக்கிரம் மாறுமா?

ஓரளவு வரை மாறும். உடல் கடிகாரம் என்பது பூச்சியின் தூக்கம், இரை தேடல், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருதல் ஆகியவற்றைச் சுமார் 24 மணி நேரச் சுற்றில் நடத்தும் உள் ஏற்பாடு.

இதில் அதிகம் ஆராயப்பட்டது, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ. (2017 மருத்துவ நோபல் பரிசே இதன் கடிகார ஆய்வுக்குத்தான்.) அதன் மூளைச் செல்களில் கடிகாரத்தின் ஒரு பாகமான டைம்லெஸ் என்ற புரதம் இரவில் சேரும். நீல ஒளி பட்டால் கிரிப்டோகுரோம் என்ற இன்னொரு புரதம் அதைச் சிதைக்க வைக்கும். ஒளி கூடக் கூடச் சிதைவும் கூடும், கடிகாரமும் அதிகம் நகரும். பெரும்பகுதி சிதைந்துவிட்டால் அதற்கு மேல் வெளிச்சம் கூட்டிப் பயனில்லை. ஆனால் எல்லாப் பூச்சிக்கும் இதே வழி இல்லை. தேனீக்கு இந்த வகைக் கிரிப்டோகுரோம் கிடையாது. கரப்பான் கண் வழியாகவே ஒளியை அறிகிறது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதோடு எப்போது தள்ளுகிறோம் என்பதும் முக்கியம். முன்னிரவில் விழும் ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும் (தாமதமாக்கும்), விடியலுக்கு முன் விழுவது முன்தள்ளும் (சீக்கிரமாக்கும்). நண்பகலில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது.

பூச்சி வளர்த்து இதைச் சோதிக்க நினைத்தால், வளர்ப்புப் பெட்டியில் டைமர் வைத்து 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு கொடுங்கள். குண்டு பல்பு வேண்டாம். அதன் சூடும் கடிகாரத்தை நகர்த்தும், எது வேலை செய்தது என்றே தெரியாது. கதவிடுக்கில் கசியும் ஒளியையும் அடையுங்கள். இரவும் பகலும் பளிச்சென்று எரியவிட்டால் பழ ஈயின் தாளமே குலைந்துவிடும்.

வெளிச்சம்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது என்பது தவறு. முழு இருட்டிலும் அது ஓடும், வெளிச்சம் நேரத்தை மட்டுமே திருத்துகிறது.