தங்கமீனுக்குச் சுகமில்லையா? நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "என்ன மருந்து போடலாம்?" என்றுதான் முடிகின்றன. பாளையங்கோட்டை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே முதல் தொட்டியை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் மருத்துவர் இல்லை, மீன் வளர்க்கிறவன். யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது மூன்றுதான். தொட்டி எத்தனை லிட்டர்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

தச்சநல்லூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, தொட்டி வாங்கி ஆறு நாள்தான் ஆகிறது. இரண்டடித் தொட்டி, மூன்று சின்ன மீன். நேற்றிலிருந்து மூன்றும் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்தார். ஊற்றவா?

ஊற்றாதீர்கள் தம்பி. மூன்று மீனுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. தங்கமீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. பழைய தொட்டியில் அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற பாக்டீரியாக்கள் பில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. வந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயேதான் நீந்துகிறது. அந்த நீல மருந்தை ஊற்றினால் வரப்போகிற நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

இன்றைக்கே அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். கிட்டில் எடுத்த தண்ணீர் மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையாக மாறினால் ஆபத்து. தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவையும் பாருங்கள். பி.எச். 7 இருக்கிற தண்ணீரைவிட 8 இருக்கிற தண்ணீரில், அதே அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்கு. போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

உங்கள் தொட்டி சுமார் 55 லிட்டர். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு போட வேண்டும், அல்லது வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கக் காற்று ஓடவிட வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வருகிற சுடுதண்ணீரை நேராக விட்டுவிடாதீர்கள். கையை விட்டுப் பார்த்தால் இரண்டு தண்ணீரும் ஒரே சூடாகத் தெரிய வேண்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம். அப்புறமும் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் தொட்டி 32 டிகிரி வரை போய்விடும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், 32 டிகிரியில் 7 சொச்சம்தான் பிடிக்கும். ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ராத்திரி நிறுத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஏழெட்டு வருடம் முன்னால் பில்டர் ஸ்பாஞ்ச் அழுக்காகிவிட்டது என்று அதைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து பளிச்சென்று கழுவினேன். குளோரினில் பாக்டீரியா மொத்தமும் போய்விட்டது. நாலாம் நாள், ஐந்து வருடம் வளர்த்த ஒராண்டா வகைத் தங்கமீன் அடியில் சாய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரில்தான் ஸ்பாஞ்சைக் கழுவுகிறேன்.

கடையத்திலிருந்து ஒரு சகோதரி: ஒரு மீனுக்குச் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நன்றாகச் சாப்பிடுகிறது. இன்னொரு மீனை விரட்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோயா அண்ணா?

இல்லை தங்கச்சி, அது ஆண் மீன். இனப்பெருக்கப் பருவம் வந்துவிட்டது. பக்கவாட்டில் விளக்கு அடித்துப் பாருங்கள். செவுள் மூடியிலும், முன்துடுப்பின் முதல் முள் நெடுகவும் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். உடம்பிலோ வாலிலோ இருக்காது. மருந்து எதுவும் வேண்டாம். விரட்டல் அதிகமானால் பெண் மீனை இரண்டு நாள் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் அதன் செதில் பெயர்ந்துவிடும்.

தென்காசியிலிருந்து: எங்களுடையது உடம்பு, வால் எல்லா இடத்திலும் ரவை தூவினது மாதிரி. கல்லில் போய்ப் போய் உரசுகிறது. போன வாரம் புதுமீன் இரண்டு விட்டோம். மருந்து போட்டதும் புள்ளி போய்விட்டது, மருந்தை நிறுத்தினோம், மூன்றாம் நாள் இரட்டிப்பாக வந்துவிட்டது.

உங்களுடையதுதான் வெள்ளைப்புள்ளி நோய். ஏன் திரும்பி வந்தது என்றால், கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற ஒட்டுண்ணி. அங்கே அதை எந்த மருந்தும் தொடாது. பழுத்ததும் அது தானாகக் கழன்று தரையில் விழுகிறது, கூடு கட்டுகிறது, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிகிறது, பிறகு குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கின்றன. அந்த நீந்துகிற நேரத்தில் மட்டும்தான் அவற்றைக் கொல்ல முடியும். புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல, கீழே இறங்கியதால். நீங்கள் நிறுத்திய நேரம் அவை பெருகும் நேரம்.

நான் முதலில் கல்லுப்பில்தான் தொடங்குவேன். லிட்டருக்கு 3 கிராம் கணக்கு. 50 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பங்கு என்று தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், கருகிவிடும். தினமும் அடித்தரையை டியூப் வைத்து உறிஞ்சி எடுங்கள், கூடுகள் அங்கேதான் கிடக்கும். எடுத்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றுகிற புதுத் தண்ணீரில் மட்டும் அதே கணக்கில் உப்புச் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்பு வேண்டாம், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். உப்புக்கு மசியவில்லை என்றால் மாலகைட் கிரீன் கலந்த மருந்து இருக்கிறது. கையுறை போட்டு, பாட்டிலில் சொன்ன அளவுக்கு ஒரு சொட்டும் கூடாமல் போடுங்கள்.

இனி புதுமீன் வாங்கினால் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வையுங்கள்.

வள்ளியூரிலிருந்து: வால் ஓரம் கிழிந்து வெள்ளையாகிறது. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி உடைத்துப் போட்டேன். தண்ணீர் மஞ்சளானதுதான் மிச்சம். எங்களுக்குப் போர் தண்ணீர், பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படியும்.

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. பாத்திரத்தில் படிகிற அந்தச் சுண்ணாம்புச் சத்தோடு டெட்ராசைக்ளின் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மீனுக்குள் போவது சொற்பம்தான். மருந்து தோற்றுவிட்டது என்று அளவைக் கூட்டுகிறார்கள், அதில் பில்டர்தான் செத்துப்போகிறது. வால் அழுகலுக்கு முக்கால்வாசிக் காரணம் அழுக்குத் தண்ணீர். பத்து நாள் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் கிழிந்த இடத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய புதுத்துடுப்பு முளைக்கும். அழுகல் வால் அடியை நெருங்கினால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. போகும்போது தொட்டித் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள்.

மஞ்சள்தூள் போடலாமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அது தண்ணீரில் கரையாது, துகள் செவுளில் போய்ப் படியும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, அவசரம் என்று: காலையிலிருந்து மீன் வாயைத் திறந்தபடியே நிற்கிறது, மூட முடியவில்லை. தீனியைத் துப்புகிறது.

வாய்க்குள் டார்ச் அடியுங்கள். தொட்டியில் கூழாங்கல் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஒன்று மாட்டியிருக்கும். தங்கமீன் நாள் முழுக்கத் தரையைக் கிளறி, கல்லை வாயில் போட்டு உருட்டித் துப்புகிற பிராணி. வாய் அளவுக்குச் சரியாக இருக்கிற கல் சிக்கிக்கொள்ளும்.

பயப்படாமல் செய்யலாம். கையை நன்றாக நனையுங்கள், காய்ந்த கை பட்டால் மேல் வழவழப்பு உரிந்துவிடும். வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலேயே மீனைப் பிடியுங்கள், நழுவினாலும் தண்ணீரில்தான் விழும். தலை கீழ்ப்பக்கமாகச் சாயட்டும். கீழ்த்தாடைக்குப் பின்னால், தொண்டையின் அடியில் கட்டைவிரலை வைத்தால் கல்லின் மேடு தட்டுப்படும். அதற்குப் பின்னாலிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். பெரும்பாலும் டப்பென்று வெளியே விழும். குறுக்கே மாட்டிய தட்டைக் கல் என்றால் முனை மழுங்கிய இடுக்கியால் நெட்டுவாக்கில் திருப்பிவிட வேண்டும், இழுக்கக் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரில் விட்டு மூச்சு வாங்கவிடுங்கள். வந்த பிறகு ஒரு நாள் தீனி வேண்டாம். தரையில் இனி மெல்லிய மணல் போடுங்கள், அல்லது வாயில் நுழையவே முடியாத பெரிய கல்.

*(சாயங்காலம் அவரே சொன்னார்: கல் வந்துவிட்டது, கொண்டைக்கடலை அளவு. மீன் நீந்துகிறது. எனக்கும் அப்போதுதான் நிம்மதி.)*

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, பேத்தியின் ரியூகின் மீன் சாப்பிட்டதும் வால் மேலே, தலை கீழே என்று மிதக்கிறது. ஒரு வாரமாக இப்படி. பிள்ளை அழுகிறாள்.

ஐயா, ரியூகின் மாதிரிக் குண்டு மீனுக்கு உடம்பைக் குட்டையாக்கி வளர்த்ததில் குடலும் காற்றுப்பையும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மிதக்கிற தீனியை மேலே வந்து தின்னும்போது காற்றையும் விழுங்கும். இரண்டு நாள் பட்டினி போடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாள் ஒரு பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் குழைய வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிக் கொடுங்கள். மலம் இறங்கினால் மீன் நேராகும். பிறகு மூழ்கும் தீனியாக மாற்றி, ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால் அது அதன் உடம்புவாகு. சாய்ந்தபடியே வருடக்கணக்கில் வாழ்கிற மீன்கள் உண்டு. தீனியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்று பேத்தியிடம் சொல்லுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: குளத்திலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து போட்டேன். இப்போது மீன் உடம்பில் நூல் மாதிரி தொங்குகிறது, அடியில் சிவந்திருக்கிறது.

அது நங்கூரப்புழு. பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. தலையைச் சதைக்குள் நங்கூரம் மாதிரி விரித்து வைத்திருக்கும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து, அது சாய்ந்திருக்கிற பக்கமாகவே நிதானமாக இழுங்கள். பாதியில் அறுந்தால் தலை உள்ளே தங்கிப் புண்ணாகும். எடுத்த இடத்தில் பொவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள், செவுளில் படக்கூடாது. அதற்குள் அது முட்டை விட்டிருக்கலாம், அதனால் ஒரு மாதம் தினமும் பார்த்துக்கொண்டே இருங்கள். பாசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஆனால் குளத்திலோ வாய்க்காலிலோ அல்ல.

மேலப்பாளையத்திலிருந்து: ஆரஞ்சு மீன் உடம்பில் கருப்புக் கருப்பாகத் திட்டு.

போன மாதம் தண்ணீர் கெட்டிருக்கும், இப்போது தேறி வருகிறது. அம்மோனியா சுட்ட இடம் ஆறும்போது கறுக்கும். தண்ணீரை மட்டும் சோதித்துப் பாருங்கள், கருப்பு தானாகப் போகும்.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: வயிறு ஊதி, செதில் எல்லாம் விரிந்து பைன் காய் மாதிரி ஆகிவிட்டது. பத்து நாளாகச் சாப்பிடவில்லை. காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால் ஆற்றில் விட்டுவிடலாமா?

செதில் விரிவது உள்ளே சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் நிற்பதன் அடையாளம். தொடக்கத்திலேயே பிடித்தால் 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு, சுத்தமான தண்ணீர், மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக் என்று முயலலாம். பத்து நாள் சாப்பிடாமல் செதில் முழுக்க விரிந்த மீன் தேறி நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆற்றில் விடாதீர்கள். சுகமில்லாத மீனோ சுகமான மீனோ, தாமிரபரணி அதன் இடம் இல்லை. நோயும் ஒட்டுண்ணியும் அங்கிருக்கிற கெண்டைக்கும் கெளுத்திக்கும் போகும். ஐஸ் பெட்டியில் வைப்பதும் வேண்டாம், அது வேதனை. கிராம்பு எண்ணெய் மெடிக்கலில் கிடைக்கும். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் மாதிரி வரும்வரை குலுக்கி, மீன் இருக்கிற சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதலில் மயங்கும். மயங்கியதும் லிட்டருக்கு அரை மில்லி எண்ணெய் வரும்படி மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இருங்கள். பிறகு செடிக்கு அடியில் புதைத்துவிடலாம்.

பேட்டையிலிருந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி: மாமா, ராத்திரி எழுந்து பார்த்தால் என் மீன் அடியில் அசையாமல் நிற்கிறது. நிறமும் வெளுத்துப்போய் இருக்கிறது. கண் திறந்தே இருக்கிறது. செத்துப்போகுமா?

இல்லைம்மா. தூங்குகிறது. மீனுக்கு இமை கிடையாது, அதனால் மூட முடியாது. ராத்திரி நிறம் கொஞ்சம் வெளுக்கும், காலையில் வந்துவிடும். செவுள் மெதுவாக அசைகிறதா என்று மட்டும் பார். லைட்டைப் போட்டு எழுப்பாதே.