முகாம் வேண்டாம் என்ற மனுவில் கையெழுத்திடும் முன்

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சிறு நகரம் ஒன்றில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். அடுத்த தெருவிலுள்ள தேவாலயம் தன் வாகன நிறுத்துமிடத்தில் வீடற்றோருக்குக் கூடார முகாம் அமைக்கப்போகிறது. ‘முகாமே கூடாது’ என்ற மனுவுடன் அக்கம்பக்கத்தார் வீடு வீடாக வருகிறார்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பதால் எங்களுக்கும் கவலைதான். கையெழுத்திட்டால் பயன் உண்டா?

பதில்: கையெழுத்திடுவது உங்கள் உரிமை, ஆனால் அந்த மனுவால் முகாம் நிற்கும் என்று நம்பி இட வேண்டாம். இடம் தேவாலயத்துடையது என்பதே முக்கியக் காரணம். வாஷிங்டன் மாநிலம் 2010-இல் இயற்றி 2020-இல் திருத்திய சட்டப்படி, சமய அமைப்புகள் தங்கள் நிலத்தில் வீடற்றோரைத் தங்கவைக்கலாம். பொதுச் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் அவசியமான, அந்த அமைப்புக்குப் பெருஞ்சுமையாகாத நிபந்தனைகளை மட்டுமே நகராட்சி விதிக்க முடியும். இதற்கு முன்பே, வுடின்வில் நகரம் நிலப் பயன்பாட்டு அனுமதிகளுக்கு விதித்திருந்த தற்காலிகத் தடையைக் காட்டி, ஒரு தேவாலயத்தின் முகாம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுத்தபோது, அது சமயச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது.

மனுவைக் கொண்டுவருபவர்கள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இல் வழங்கிய கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கின் தீர்ப்பைச் சுட்டிக்காட்டக்கூடும். பொது இடங்களில் படுத்துறங்குவோருக்கு நகரங்கள் தண்டனை விதிக்கலாம் என்பதுதான் அத்தீர்ப்பு. நில உரிமையாளரே இடம் கொடுத்து அமைக்கும் முகாமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் குரல் எடுபடும் இடம், முகாம் எப்படி நடத்தப்படும் என்பதில் இருக்கிறது. நகராட்சிக்கும் தேவாலயத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் வரைவையும் நிர்வாகத் திட்டத்தையும் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படியுங்கள். ‘பாதுகாப்பு உறுதிசெய்யப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. இரவு இரண்டு மணிக்குச் சண்டைச் சத்தம் கேட்டால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பவர் முகாமுக்குள்ளேயே இருப்பவரா, எவ்வளவு நேரத்தில் பதில் வரும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை பேர், கழிப்பறைகள் எத்தனை, அவை வேலியின் எந்தப் பக்கம் வரும், குப்பை வாரத்தில் எத்தனை முறை அள்ளப்படும், கூடாரங்களுக்கிடையே தீயணைப்புத் துறை கேட்கும் இடைவெளி விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில், நிர்வாகி பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் தொடங்கும் முகாம்களில் பக்கத்து வீட்டாரின் புகார்கள் விரைவில் குறைகின்றன. கழிப்பறையைப் பற்றி யோசிக்காமல் தொடங்கியவைதான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

பிள்ளைகளைப் பற்றிய கவலைக்கும் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. முகாமில் தங்கும் வயதுவந்தோர் அனைவரையும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. அதில் பெயர் உள்ளவரை அனுமதிப்பதா என்ற முடிவு முகாம் தரப்பிடமே இருப்பதால், இங்கே என்ன செய்வார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தாலன்றி, முகாம் திறக்கும் முன் தேவாலயம் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். கேட்பதற்குரிய இடம் அதுவே. அங்கே ‘இந்த மாதிரி ஆட்கள்’ என்று பேசுபவரின் பேச்சு குறிப்பேட்டில் ஏறும், முடிவை மாற்றாது. ‘பள்ளிப் பேருந்து நிற்கும் மூலையை ஒட்டி வாயில் வைக்க வேண்டாம், கிழக்குப் பக்கம் மாற்றுங்கள்’ என்று வரைபடத்தோடு பேசுபவருக்கு எவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மனு அந்தக் கோரிக்கைகளைச் சொல்வதாக இருந்தால் தாராளமாகக் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு கடிதம் எழுதி, நகராட்சியின் கோப்பில் சேர்க்கச் சொல்லி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி வழங்கும் நிலப் பயன்பாட்டு அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் போக இம்மாநிலத்தில் பொதுவாக 21 நாட்களே அவகாசம். முன்பே எழுத்தில் ஆட்சேபம் பதியாதவருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதால், கடிதத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.