சைவச் சாப்பாடு போட்டால் கோஷர் ஆகிவிடுமா?

மத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூத விருந்தாளிக்கு வீட்டில் சைவச் சாப்பாடு போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. கோஷர் என்றால் யூத மத விதிப்படி உண்ணத் தகுந்தது. விலக்கப்பட்ட இறைச்சி, பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பது போன்ற இறைச்சி விதிகள்தான் அதில் தீரும். பெரிய சிக்கல் பாத்திரம்: முன்பு கோஷர் அல்லாததைச் சமைத்த சட்டியில் வைத்த சாம்பாரும் ஆகாது. கீரை, காலிஃபிளவருக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியும் விலக்கு. யூதர் பங்கில்லாமல் சமைத்த பல பண்டங்களைக் கட்டுப்பாடாக இருப்பவர்கள் தொடமாட்டார்கள்.

நறுக்காத வாழைப்பழம், ஆரஞ்சு, கோஷர் முத்திரை உள்ள பாக்கெட், காகிதத் தட்டு வையுங்கள். பாக்கெட்டை அவரே பிரிக்கட்டும். முத்திரையில்லாத ஒயின், திராட்சை ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

வெள்ளி மாலை அழைக்காதீர்கள். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே பலர் வீட்டில் சப்பாத் (யூதர்களின் வார ஓய்வு நாள்) விளக்கு ஏற்றிவிடுவார்கள். ரிஃபார்ம் என்ற தளர்வான யூதப் பிரிவினர் என்றால் இவ்வளவு கெடுபிடி பெரும்பாலும் இருக்காது. அவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்.