வாசலை எண்ணுங்கள்: காவல் நிலையக் கட்டடம் பற்றி ஒரு கேள்வி பதில்

காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், கட்டுப்பாட்டு அறை இவற்றுக்கு 22 வருடம் வரைபடம் போட்டவள் நான். "எங்கள் ஊர் ஸ்டேஷன் பாழாய்க் கிடக்கிறது, புதுசு கட்டுவோம் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள், ஏன் நடக்கவில்லை?" என்று பலர் கேட்டதால் இன்று மாலை முழுக்க இங்கே இருப்பேன். கட்டடத்தைப் பற்றிக் கேளுங்கள். வழக்கைப் பற்றி வேண்டாம், நான் வக்கீல் இல்லை.

கேள்வி (தெருமுனை): மேடம், ஒரு ஸ்டேஷன் "போதாது" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இங்கே 60 வருடக் கட்டடம். கூரை ஒழுகுகிறது, ஒட்டுப்போட்டே ஓட்டுகிறார்கள்.

பதில்: கூரை ஒழுகினால் அடைத்துவிடலாம். இடம் பற்றவில்லை என்றால் பக்கத்தில் இரண்டு அறை எழுப்பலாம். பழைய ஸ்டேஷனுக்குள் போனதும் நான் முதலில் எண்ணுவது வாசல்களைத்தான். ஒன்றே ஒன்று இருந்தால் அந்தக் கட்டடத்தின் கதை முடிந்தது.

இரவு 2 மணிக்கு ஒரு பெண் கணவன் மேல் புகார் கொடுக்க வருகிறாள். கால் மணி நேரத்தில் அந்தக் கணவனையும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே வாசல், ஒரே வராந்தா, ஒரே பெஞ்சு. அவள் எழுத எடுத்த பேனாவை வைத்துவிட்டு எழுந்து போவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளவு நாடாவோடு அங்கே நின்றவள் நான். அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் புரிந்தது.

பொதுமக்கள் வர ஒரு பாதை, பணியாளர்களுக்கு ஒரு பாதை, பிடித்து வரப்படுபவர்களுக்கு ஒரு பாதை. இந்த மூன்றும் எங்கேயும் குறுக்கே வெட்டக்கூடாது. மூன்றாவதில் வண்டியே உள்ளே வந்து, கதவு மூடிய பிறகுதான் ஆளை இறக்க வேண்டும். வீடாகவோ அலுவலகமாகவோ பிறந்த கட்டடத்தில் இதைப் பிறகு நுழைக்கவே முடியாது. 1829இல் லண்டன் காவல் துறை வைட்ஹால் பிளேஸில் 4ஆம் எண் வீட்டில் தொடங்கியது. பொதுமக்கள் வந்தது பின்பக்கமாக, கிரேட் ஸ்காட்லாந்து யார்டு வழியாக. உலகமே சொல்லும் அந்தப் பெயர் ஒரு பின்வாசலின் விலாசம்தான்.

கேள்வி (கணக்குப்புலி): ஒரு காவலருக்கு எத்தனை சதுர அடி என்று கணக்கு? அதைச் சொன்னால் மொத்தம் நானே போட்டுக்கொள்வேன்.

பதில்: போட்டால் தப்பாகத்தான் வரும். மேசையை மூன்று ஷிஃப்ட் ஆட்களும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். லாக்கரை அப்படி முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். பெண் காவலர்களுக்கு உடை மாற்றும் அறையே இல்லாமல் கட்டப்பட்ட ஸ்டேஷன்கள் எத்தனை என்று எண்ணி மாளாது. லாக்கப் அளவுக்கும் காவலர் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் வழக்குச் சொத்து அறை, அதாவது வழக்குகளில் கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறை. ஆள் குறைந்தாலும் அது சுருங்காது. துப்புத் துலங்காத கொலை வழக்கின் சட்டையை 30 வருடம் கழித்து மரபணுச் சோதனைக்குக் கேட்பார்கள். எனவே முதலில் வேலைகளைப் பட்டியல் போடுங்கள், சதுர அடி கடைசியில் தானாக வரும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அந்த அறையை அடித்தளத்தில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில், வைக்காதீர்கள்.

கேள்வி (பேருந்துப் பயணி): என் பைக்கைப் பிடித்து ஆறு மாதம் ஆகிறது, ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து நிற்கிறது. எப்படி மீட்பது?

பதில்: வக்கீலைப் பாருங்கள். ஆனால் உங்கள் பைக் என் தொழிலுக்கும் தலைவலிதான். பறிமுதல் வண்டிகள் நிற்கும் இடத்தில் பல ஊர்களில் இன்னொரு ஸ்டேஷனே கட்டலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2002இலேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், இத்தகைய சொத்துகளை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கத் தேவையில்லை, படம் எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம் என்ற பொருளில் சொல்லிவிட்டது. வக்கீலிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (அரைத்தூக்கம்): லாக்கப் அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் அக்கா?

பதில்: ஐரோப்பிய அவையின் சித்திரவதைத் தடுப்புக் குழு 1992இல் ஓர் அளவு சொன்னது: சில மணி நேரத்துக்கு மேல் ஒருவர் தனியாக இருக்கும் அறை என்றால் சுமார் 7 சதுர மீட்டர், சுவருக்குச் சுவர் 2 மீட்டராவது, தரைக்கும் கூரைக்கும் இடையே 2.5 மீட்டர். கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகளின்படி ஆண்கள், பெண்கள், சிறார் தனித்தனியே இருக்க வேண்டும். ஒற்றை லாக்கப் உள்ள ஸ்டேஷனில் இரவு ஒரு சிறுவனைக் கொண்டுவந்தால் எங்கே உட்கார வைப்பார்கள்? ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில். அப்புறம், துணி கட்டித் தொங்க இடம் கொடுக்கும் கம்பி, கொக்கி, குழாய் எதுவும் உள்ளே கூடாது. அளவில் கொஞ்சம் குறைந்தால்கூட விடுவேன், இதில் விடமாட்டேன்.

கேள்வி (வரிகட்டி): எல்லோரும் வேண்டும் என்கிறார்கள். அப்படியும் பத்து, இருபது வருடம் ஏன் இழுக்கிறது? ஊழல்தானே?

பதில்: சில இடங்களில் இருக்கலாம். ஆனால் ஒருவர்கூடத் திருடாத நகரத்திலும் இழுக்கும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்குக் கோடை விடுமுறை உண்டு, அப்போது இடித்துக் கட்டலாம். ஸ்டேஷனுக்கு ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. லாக்கப்பில் ஆள் இருக்கும்போது சுவரை இடிக்க முடியுமா? அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு அறையின் மின்சாரத்தை நிறுத்த முடியுமா? அதனால் அதே இடத்தில் கட்ட, இடையில் தங்க இன்னோர் இடம் வேண்டும். வேறு இடத்தில் கட்ட, நிலம் வேண்டும். நிலம் என்றதும் சண்டை. ஸ்டேஷன் வேண்டும், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம்.

அடுத்தது பணம். பல நாடுகளில் நகராட்சி கடன் வாங்கித்தான் கட்டும். கலிஃபோர்னியாவில் அதற்கான பொதுக்கடன் பத்திரத்துக்கு வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். நூற்றுக்கு 60 பேர் "சரி" என்றாலும் திட்டம் தோற்றுப்போகும். மறுபடி ஓர் ஆய்வு, மறுபடி ஒரு மதிப்பீடு. அதற்குள் விலை ஏறிவிடும், ஏறிய விலையைக் காட்டி இன்னொரு முறை தள்ளிப்போடுவார்கள். நடுவில் தற்காலிகமாக என்று இரண்டு கன்டெய்னர் அறை வரும். அவை வந்துவிட்டால் நிச்சயம் பத்து வருடம் தாமதம், ஏனென்றால் அவசரம் போய்விடுகிறது.

மூன்றாவது நிலநடுக்கம். 1986இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டப்படி மருத்துவமனை போலவே காவல் நிலையமும் அதிர்வுக்குப் பிறகும் இயங்கும்படி கட்டப்பட வேண்டும். அமெரிக்க விதிகளில் சாதாரணக் கட்டடத்தைப் போல 1.5 மடங்கு நிலநடுக்க விசைக்கு வடிவமைக்கிறோம். பழைய கட்டடத்தை அந்த அளவுக்கு வலுப்படுத்தக் கணக்குப் போட்டால், புதியதற்குப் பக்கத்தில் போய் நிற்கும். அத்தனைக்குப் பிறகும் வாசல் ஒன்றுதான் இருக்கும்.

கேள்வி (மழைக்காகம்): அடித்தளத்தை ஏன் இப்படித் திட்டுகிறீர்கள்? நிலம் குறைவான நகரத்தில் அதுதானே மலிவு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் குற்றவியல் நீதிமன்றத்தின் அடித்தளத்தில் இருந்த சான்றுப் பொருள்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2012இல் சாண்டி புயலில் நியூயார்க் காவல் துறையின் புரூக்ளின் கிடங்குகளுக்குள் தண்ணீர். அவை அடித்தளம்கூட இல்லை, கரையோரத் தாழ்நிலம், அதற்கே அந்தக் கதி. நனைந்த உறையில் என்ன வழக்கு நடத்துவது?

தண்ணீர் மட்டும் எதிரி இல்லை. 2024இல் நியூ ஆர்லியன்ஸ் காவல் துறைத் தலைவர் ஆன் கிர்க்பாட்ரிக் நகர மன்றத்தில், 1968இல் கட்டிய தங்கள் தலைமையகத்தில் எலிகள் கஞ்சாவைத் தின்று போதையில் திரிகின்றன என்று சொன்னார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். என்னால் முடியவில்லை.

ஆகவே தரைக்குக் கீழே வண்டி நிறுத்துங்கள், சரி. வழக்குச் சொத்து வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், சர்வர் வேண்டாம்.

கேள்வி (புதுவரவு): வணக்கம் மேடம், 100 காவலருக்கு எத்தனை சதுர அடி தேவை?

பதில்: கணக்குப்புலிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (நிழற்படம்): உள்ளே கேமரா எங்கெங்கே?

பதில்: இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் நீளமாகவே பட்டியல் போட்டது: நுழையும், வெளியேறும் வழிகள் எல்லாம், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, கட்டடத்தின் பின்புறம். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம். என் பங்குக்கு: கேமராவைக் கடைசியில் ஒட்டாதீர்கள். எந்தத் தூணுக்குப் பின்னால் மறைவிடம் வருகிறது என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

கேள்வி (கணக்குப்புலி): திரும்ப வந்துவிட்டேன். நிலச் சண்டை என்கிறீர்கள். நகர எல்லையில் அரசு நிலம் சும்மா கிடக்குமே, அங்கே கட்டினால் ஒரே வருடத்தில் முடியும். காவலர்கள் வண்டியில் சுற்றுகிறார்கள், மக்கள் போனில் கூப்பிடுகிறார்கள். நடுவில் ஏன் இருக்க வேண்டும்?

பதில்: போனில் கூப்பிட முடிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். கணவன் கையில் போன் இருக்கும் பெண்? சம்பளம் பறிபோன வெளியூர்த் தொழிலாளி? அவர்கள் நடந்துதான் வருவார்கள். கடைசிப் பேருந்து போன பிறகு நகர எல்லைக்கு எப்படி நடப்பது?

(கணக்குப்புலி): அப்படி வருபவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேர்? அவர்களுக்காக மொத்தக் கட்டடத்தையும் நடுவில் வைப்பதா?

பதில்: அவர்களுக்காகத்தான் ஸ்டேஷன். மற்றதெல்லாம் அலுவலகம்.

(மழைக்காகம்): நடுவே வருகிறேன். புகார் வாங்கும் முகப்பு அலுவலகம் மட்டும் நகர நடுவில், மற்றவை வெளியே என்று பிரிக்கலாமே? ஜப்பானில் கோபான் என்று சின்னச் சின்னக் காவல் சாவடிகள் தெருமுனைகளில் இருக்கின்றனவே.

பதில்: நல்ல உதாரணம், ஆனால் பாதிதான் சொன்னீர்கள். 1874இலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. கோபானுக்குப் பின்னால் முழுமையான காவல் நிலையம் ஒன்று எப்போதும் இருக்கிறது, கோபான் அதன் கை. கையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை வெளியே அனுப்பினால், வெறும் தகவல் மையம்தான் மிஞ்சும். "புகாரா? பெரிய ஸ்டேஷனுக்குப் போங்க" என்று கைகாட்டி அனுப்புவார்கள்.

(தெருமுனை): எங்களுக்கு அதுதான் நடந்தது! முகப்பு அலுவலகம் திறந்தார்கள், மாலை 6 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்.

(கணக்குப்புலி): பூட்டியது நிர்வாகத்தின் தப்பு, திட்டத்தின் தப்பு இல்லை.

பதில்: பூட்ட முடிகிற மாதிரி கட்டினால் ஒருநாள் பூட்டுவார்கள். ஆனால் கணக்குப்புலி, உங்களுக்கும் ஓர் இடம் விட்டுத்தருகிறேன்: பறிமுதல் வண்டிகள், பழைய வழக்குச் சொத்து, பயிற்சிக் கூடம், வண்டிப் பட்டறை இவற்றுக்கு நகர நடு தேவையே இல்லை. வெளியே அனுப்புங்கள். அப்படிச் செய்தால் நடுவில் வேண்டிய நிலம் பாதியாகும், சண்டையும் பாதியாகும். லாக்கப்பும் விசாரணை அறையும் புகார் எழுதும் இடமும் மட்டும் பிரியக்கூடாது.

(கணக்குப்புலி): பாதி வெற்றி, எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாதி எத்தனை சதுர அடி?

பதில்: போய்த் தூங்குங்கள்.

கேள்வி (ஓட்டுவீடு): பழைய கட்டடத்தை என்ன செய்வது? எங்களுடையது அழகானது, இடிக்க மனம் வரவில்லை.

பதில்: இடிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் 1909ஆம் வருடக் காவல் தலைமையகத்தை 1973இல் காலி செய்தார்கள், பிறகு அது குடியிருப்பானது. லண்டனில் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பழைய காவல் தலைமையகம் இன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகம். லாஸ் ஏஞ்சலிஸில் 1955இல் திறந்த காவல் தலைமையகமான பார்க்கர் சென்டரை மட்டும் 2019இல் இடித்துவிட்டார்கள். நார்மன் ஷா கட்டடம் பற்றி ஒன்று: 1888இல் அது எழும்பிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணின் தலையில்லாத உடல் கிடைத்தது. காவல் தலைமையகத்துக்கான கட்டுமான இடத்திலேயே. அந்த வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. உடல் கிடந்தது எங்கே என்று கேளுங்கள். அடித்தளத்தில்.

கேள்வி (நம்பிக்கை): புது ஸ்டேஷன் வந்தால் குற்றம் குறையுமா?

பதில்: குறையும் என்று சொல்லி நிதி கேட்பவரை நம்பாதீர்கள். வெளியே தெரியாமல் கிடந்த புகார்கள் வரத் தொடங்குவதால் முதல் வருடம் எண்ணிக்கை ஏறக்கூடச் செய்யலாம்.

கேள்வி (செவ்வாய்): 40 பேருக்கு எத்தனை ச.அடி?

பதில்: மேலே.

கேள்வி (நீலவிளக்கு): லண்டன் ஸ்டேஷன்களில் நீல விளக்கு எப்போதிலிருந்து?

பதில்: 1861.

கேள்வி (வார்டு உறுப்பினர்): மேடம், எங்கள் நகராட்சி ஒருவழியாக வரைபடம் போட்டுவிட்டது, அடுத்த வாரம் மன்றத்தில் ஒப்புதல். நான் என்ன கேள்வி கேட்க வேண்டும்?

பதில்: எத்தனை வாசல்? அடித்தளத்தில் என்ன இருக்கிறது?

(வார்டு உறுப்பினர்): இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். வாசல் மூன்று. அடித்தளத்தில் ஜெனரேட்டர், பதிவேட்டு அறை, வழக்குச் சொத்து அறை.

பதில்: வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள். இன்றைக்கே.