கல் போட்டால் மாஜுலி தப்பாதா?

அசாமின் மாஜுலி தீவைச் சுற்றிக் கல் அடுக்கினால் பிரம்மபுத்திராவின் அரிப்பு நிற்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கல் நிற்கத் தரை வேண்டுமே! அங்கே கரை பெரும்பாலும் பொடிமணலும் வண்டலும்தான். 1950 நிலநடுக்கத்தில் சரிந்த மலைமண் வேறு ஆற்றுப் படுகையை உயர்த்திவிட்டது.

வெள்ளம் வடியும்போதுதான் பயம் அதிகம். ஊறிப்போன கரைக்கு முட்டுக்கொடுத்த தண்ணீர் இறங்கியதும், கரை வாழைமரத்தோடு தொப்பென்று சரியும். அதனால் மண்மூட்டைகளோடு, கான்கிரீட் கம்புகளை முள்ளம்பன்றி மாதிரிக் கோத்தும் ஆற்றில் இறக்குகிறார்கள். அவை தண்ணீரை மறிப்பதில்லை. வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியவைக்கும்.

சரி, மக்கள்? அங்கே வாழும் மிசிங் பழங்குடிக் குடும்பங்கள் மூங்கில் கால் வைத்த வீட்டில் வெள்ளத்தைச் சமாளித்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்தால் நிலம் மிஞ்சும். அரிப்பில் மிஞ்சுவது பட்டா மட்டும். வயல் ஆற்றுக்குள் கிடக்கும்.